எஃகை ஆபரணமாக்கிய அன்பர்களுக்கு

உயர்விலை எஃகுக் கைக்கடிகாரங்களைத் தேடி வாங்கிச் சேர்த்துவரும் அன்பர்களே,

ஒரு கைக்கடிகாரத்துக்கு ஒரு வீட்டின் விலையைக் கொடுப்பது தகுமா என்ற கேள்வியோடு இம்மடலைத் தொடங்குவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால், அதைப் பூர்த்திசெய்ய எனக்கு உத்தேசமில்லை. அவரவர் சம்பாத்தியத்தை அவரவர் எப்படிச் செலவிடவேண்டும் என்று பிறர் நீதி சொல்லப் புகுவது எளிது; பிரயோஜனமோ சொற்பம். வைரத்துக்கும் பட்டுக்கும் பழைய பஞ்சலோக விக்கிரகத்துக்கும் பணத்தை வாரிக் கொடுக்கும் உலகம், இரவும் பகலும் இடைவிடாது துடித்துக்கொண்டிருக்கும் ஒரு சின்னஞ்சிறு யந்திரத்துக்குக் கொடுத்தால் மாத்திரம் மூக்கில் விரலை வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. உங்கள்மீது எனக்குள்ள மனத்தாங்கல் வேறு வகையைச் சேர்ந்தது. இவ்வளவு பெரும்பொருள் கொடுத்து வாங்கியதை நீங்கள் கண்ணால் பார்ப்பதில்லை என்பதே என் குறை.

சென்னையில் எனக்குப் பரிச்சயமான அன்பர் ஒருவர் தாம் சேர்த்த எஃகுக் கடிகாரங்களை ஒருநாள் எனக்குக் காட்டினார். இரும்புப் பெட்டியைத் திறந்து, அதற்குள்ளிருந்த தோல் பெட்டியைத் திறந்து, உள்ளே பஞ்சணையில் சாய்ந்திருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். தொழிற்சாலையில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் உறை அவற்றின் கேஸிலும் செயினிலும் அப்படியே இருந்தது, ஒன்றாவது ஓடிக்கொண்டிருக்கவில்லை, முட்கள் ஆளுக்கொரு நேரத்தில் நின்றுவிட்டிருந்தன. ஒவ்வொன்றையும் என்ன விலைக்கு வாங்கினார், இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும், சென்ற வருஷம் இதே மாதம் விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதையெல்லாம் ரூபாய் பிசகாமல் ஒப்பித்தார். அவற்றுள் ஒன்றின் பெசலில், அதாவது கண்ணாடியைச் சுற்றியுள்ள முகப்பு வளையத்தில், மேல்தளம் மங்கலாகவும் சரிவுத்தளம் பளபளவென்றும் இருப்பதைக் காட்டி, இவ்விரண்டும் சந்திக்கும் அந்தக் கோட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் பிளாஸ்டிக்குக்கு மேலாக ஒரு கணம் உற்றுநோக்கிவிட்டு, "ஆமாம், இதற்கு இப்போது நல்ல டிமாண்ட்" என்றார்.

அந்தக் கோட்டைப் பற்றித்தான் உங்களோடு சற்று விஸ்தாரமாகப் பேச விரும்புகிறேன்.

எஃகு விலையுயர்ந்த லோகமன்று. இரும்போடு நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் கலந்தால், அந்தக் குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத ஒரு படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. கீறினாலும் அப்படலம் தானே மறுபடி மூடிக்கொள்வதால் துரு அணுகுவதில்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழல்கள் உள்ளே அரித்துத் தேய்ந்துபோவதற்கு மாற்றுத் தேடுகையில், 1913-ஆம் வருஷம் இத்தகைய எஃகு ஒன்றை வார்த்தெடுத்தார். துப்பாக்கிக்கு அது எவ்வளவு தூரம் உதவிற்றோ, சாப்பாட்டு மேஜைக் கத்திகளுக்கு நன்றாக உதவிற்று. பின்னர் அதன் உறவுமுறை உலோகங்கள் எவர்சில்வராக நம் அடுக்களைக்கும் வந்து சேர்ந்தன. கடிகாரக் கேஸுக்குப் பெரும்பாலும் பயன்படுவது, மாலிப்டினமும் சிறிது சேர்ந்து வியர்வையையும் உப்புநீரையும் தாங்கும் 316எல் என்ற ரகம். குரோமியம், நிக்கல், மாலிப்டினம் மூன்றும் அதைவிட அதிகமுள்ள 904எல் ரகத்தை ரோலெக்ஸ் கம்பெனியார் 1985 முதல் கையாளத் தொடங்கினார்கள். இவ்விரு ரகங்களின் தாரதம்மியத்தைக் குறித்து உங்களுக்குள் நடக்கும் வாக்குவாதங்களை வேண்டிய மட்டும் கேட்டிருக்கிறேன். கடலிலேயே ஜீவனம் நடத்துபவர் தவிர வேறு எவருக்கும் மணிக்கட்டில் அதன் வித்தியாசம் தெரியும் என்று நான் நம்பவில்லை.

எந்த ரகமாயினும், பேர்போன ஒரு கடிகாரத்தின் கேஸையும் செயினையும் பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டால் ஒரு வேளைச் சிற்றுண்டிக்குக்கூடக் காணாது. தங்கக் கடிகாரம் வாங்குகிறவருக்கு, வேலைப்பாடு எப்படிப் போனாலும் உருக்கினால் தங்கம் மிஞ்சும் என்ற ஆறுதலாவது உண்டு. எஃகிலோ வேலைப்பாட்டைக் கழித்துவிட்டால் சேஷமாக நிற்பது ஏதுமில்லை. ஆகவே எஃகுக் கடிகாரத்துக்கு நீங்கள் கொடுக்கும் தொகை, கொல்லனுடைய கைக்கும், மெருகிடுபவனுடைய கண்ணுக்கும், மெஷினைப் பூட்டுபவனுடைய பொறுமைக்கும் கொடுத்த கூலி. அப்படித்தான் இது ஆரம்பித்தது. ஆரம்பித்த கதையை நீங்கள் அரைகுறையாகக் கேட்டிருக்கக்கூடும். முழுவதும் சொல்லத் தக்கது.

1969-ஆம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி, டோக்கியோவில் சீக்கோ கம்பெனியார் அஸ்ட்ரான் என்ற பெயருடன் உலகத்தின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சுருள்வில்லையும் பற்சக்கரத்தையும் நம்பியிருந்த சுவிஸ் தொழிலாளியின் மிகச் சிறந்த கடிகாரமும் நாளொன்றுக்குச் சில விநாடிகள் முன்பின்னாக ஓடிய காலத்தில், மின்கலத்தின் துணையால் துடிக்கும் படிகத்துண்டு ஒன்றைக் கொண்டு, மாதம் முழுவதற்கும் சேர்த்தே ஐந்து விநாடிக்குமேல் தவறாது என்று அவர்கள் உறுதி கூறினார்கள். அதன் விலை 4,50,000 யென். அன்றைய ஜப்பானில் ஒரு சிறிய மோட்டார் காருக்குச் சமம். இதில் ஒரு விநோதம் உண்டு. எதிர்காலத்தைக் கொண்டுவந்த அந்தக் கடிகாரத்தின் கேஸ் தங்கம். அதற்கு மாற்றாகப் பழைய உலகம் பின்னர் முன்வைத்த கடிகாரமோ எஃகு.

குவார்ட்ஸ் விலை வருஷத்துக்கு வருஷம் வீழ்ந்தது. சுவிஸ் நாணயம் ஏற, வெளிநாட்டில் அவர்கள் சரக்கின் விலையும் ஏறிற்று. 1970-ல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை கொடுத்த அத்தொழில், 1980-களின் நடுப்பகுதியில் சுமார் 30,000 பேரையே வைத்துக்கொள்ள முடிந்தது. ஜூரா மலைச்சரிவுகளில், பனி மூடிய மாதங்களில் குடியானவர்கள் ஜன்னலோரம் அமர்ந்து கடிகாரப் பாகங்களை ராவிப் பழகிய ஊர்களில், பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அத்தகைய பள்ளத்தாக்கு ஒன்றில் லே பிராஸ்ஸு என்ற கிராமத்தில் இருந்ததுதான் ஓடமார் பிகே கம்பெனி. அதன் நிர்வாகி ஜார்ஜ் கோலே ஒரு மாலையில் ஜெரால்ட் ஜென்டா என்ற சித்திரக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, இதுவரை எவரும் காணாத எஃகுக் கடிகாரம் ஒன்று வேண்டும், வரைபடம் மறுநாள் காலைக்குள் வேண்டும் என்றாராம். பொன்வேலையில் பயின்று கடிகார உருவமைப்புக்கு வந்த ஜென்டா, சிறுவயதில் தாம் பார்த்த மூழ்காளியின் தலைக்கவசத்தையும் அதைக் கழுத்தோடு பிணைத்த ஆணிகளையும் ஞாபகப்படுத்திக்கொண்டு, விடிவதற்குள் எண்கோணப் பெசலும் எட்டு ஆணியும் கொண்ட ஓர் உருவத்தை வரைந்து முடித்தார். இது அவரே பிற்காலத்தில் சொன்ன கதை. சொல்லச் சொல்லச் சற்று மெருகேறியிருக்கலாம். ஆனால் வரைபடம் பொய்யன்று. 1972-ல் பாஸல் நகரத்துக் கண்காட்சியில் அது ராயல் ஓக் என்ற பெயரோடு வெளிப்பட்டது.

மூவாயிரம் பிராங்குக்குமேல் விலை. பிற கம்பெனிகளின் தங்கக் கடிகாரங்கள் சிலவற்றைவிட அதிகம். கண்டவர்கள் சிரித்தார்கள். 39 மில்லிமீட்டர் குறுக்களவு அந்நாளில் ராக்ஷஸ அளவு. நயமான கடிகாரத்தில் ஆணித்தலை வெளியே தெரிவது அநாகரிகம். இவை போதாதென்று எஃகு. அந்த எஃகுதான் செய்தவர்களைப் படாத பாடு படுத்திற்று. மாதிரிக்கென முதலில் செய்த கடிகாரங்களை வெள்ளைத் தங்கத்தில் செய்தார்கள் என்பதை நீங்கள் அறிந்திருக்கலாம். காரணம் ஆடம்பரமன்று, தங்கம் மெத்தென்று அரத்துக்கு இணங்கும், எஃகு இணங்காது என்பதே. தங்கத்தில் வந்த கோணத்தை எஃகில் வரவழைப்பதற்கு எத்தனை உளி மழுங்கிற்று, எத்தனை வளையம் பாழாயிற்று என்பதை நம் ஊகத்துக்கே விட்டுவிடவேண்டியதுதான்.

இனி அந்தக் கோட்டுக்கு வருவோம். ராயல் ஓக்கின் பெசலை ஜன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். மேல்தளம் முழுவதும், எட்டு பக்கத்திலும் திசை மாறாமல், பன்னிரண்டிலிருந்து ஆறை நோக்கி மயிரிழை போன்ற நேர்கோடுகள் ஓடுகின்றன. அவை வெளிச்சத்தை உறிஞ்சிக்கொண்டு பட்டின் மங்கலைக் கொடுக்கின்றன. அதன் விளிம்பில், ஒரு மெல்லிய சரிவு, கோடு ஒன்றுமில்லாத முழு மெருகோடு வெளிச்சத்தை ஒரே வீச்சாகத் திருப்பி அடிக்கிறது. முதலில் மெருகிட்டால், பின்னால் கோடிடும்போது சரிவின்மேல் பிசிறு விழும். முதலில் கோடிட்டால், பின்னால் மெருகுச் சக்கரம் மேல்தளத்தை நக்கிவிடும். ஏதாவதொரு வகையில் ஒன்றை மறைத்து மற்றொன்றைச் செய்யவேண்டும்; கை ஒரு நூலிழை பிசகினாலும் இரு தளங்களுக்கும் இடையேயுள்ள எல்லை உருண்டுவிடும். உருளாத எல்லைதான் வேலையின் லட்சணம். பெசலில் இது ஒரு தடவை. செயினிலோ ஒவ்வொரு கண்ணியிலும் இதே நியதி, அதுவும் கேஸிலிருந்து கொக்கிவரை கண்ணிகள் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போவதால், அடுத்தடுத்த வரிசைகளுக்கு ஒரே அளவு உதவாது. அந்த எட்டு ஆணிகளின் பிளவுகளையும் கவனியுங்கள். அவையனைத்தும் பெசலின் வட்டத்தை ஒட்டியே படிந்திருக்கும். அறுகோணத் தலையுள்ள அவை பள்ளத்தில் பதிந்து திரும்பவே முடியாதபடி நிற்க, முறுக்குவது பின்புறத்திலிருந்து. எஃகின்மேல் இருக்கும் அந்த ஆணித்தலைகள் மாத்திரம் வெள்ளைத் தங்கம்! உடம்பெல்லாம் எஃகாக வைத்து ஆணியைத் தங்கத்தில் செய்த அந்தக் குறும்பை நான் மிகவும் ரசிப்பவன்.

இதன்பின் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1976-ல் அதே ஜென்டாவின் கைவண்ணத்தில், கப்பலின் வட்டப் பலகணியை நினைவூட்டும் நாட்டிலஸை பாடெக் பிலிப் கம்பெனியார் கொண்டுவந்தார்கள். உலகத்தின் விலையுயர்ந்த கடிகாரங்களுள் ஒன்று எஃகால் ஆனது என்று கூசாமல் விளம்பரமும் செய்தார்கள். மறுவருஷம் வஷ்ரோன் கான்ஸ்டன்டின் கம்பெனியார் யோர்க் ஹைஸெக் என்ற இளைஞர் வரைந்த 222-ஐ வெளியிட்டார்கள். மூன்று கம்பெனிகளும் பரம்பரைப் போட்டியாளர்கள். ஆயினும் மூன்று கடிகாரத்துக்குள்ளும் இருந்த மெஷின் ஒரே வம்சம்; 1967-ல் ஜேஜர் லெகூல்த்ர் பட்டறை உருவாக்கியது. தேதிச் சக்கரத்தோடு சேர்ந்தே 3.05 மில்லிமீட்டர் கனந்தான். அதைச் செய்தவர்கள் தங்கள் சொந்தக் கடிகாரம் ஒன்றிலும் அதை வைத்துக்கொள்ளவில்லை என்பது தொழிலுலகத்தின் விசித்திரங்களில் ஒன்று.

இவையெல்லாம் விலையைத் தலைகீழாகத் திருப்பிய துணிச்சலின் கதை. நீங்கள் அதிகம் வரிசையில் நிற்கும் மற்றொரு வகைக் கடிகாரங்களின் பூர்வோத்தரமே வேறு. 1953-ல் பிறந்த ரோலெக்ஸ் ஸப்மரைனர் நீருக்கடியில் வேலை செய்பவருக்கானது. 1955-ல் வந்த ஜி.எம்.டி. மாஸ்டர், பான் அமெரிக்கன் விமானிகள் இரண்டு ஊர்களின் நேரத்தை ஒருங்கே அறியும்பொருட்டு ஏற்பட்டது. அடிபடும், நனையும், எண்ணெய்க் கையோடு தொடப்படும் என்பதனால் எஃகு. அந்த உத்தியோகத்திலுள்ளவர் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கவும் வேண்டுமே! இப்போது ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கடிகாரங்களை அக்கம்பெனி செய்கிறதென்று தொழிலைக் கவனித்துவருவோர் மதிப்பிடுகிறார்கள். பத்து லட்சமாகப் பெருகும் ஒரு பொருள், கடைக் கண்ணாடிப் பெட்டியில் "காட்சிக்கு மாத்திரம்" என்ற அட்டையோடு வீற்றிருப்பதும், அதை வாங்கக் கையில் பணத்தோடு வருகிறவர் பெயரைக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பதும், காத்திருக்கும் காலத்தில் தமக்கு வேண்டாத நகை ஒன்றையும் மனைவிக்கு வேண்டாத கடிகாரம் ஒன்றையும் வாங்கித் தம் விசுவாசத்தை நிரூபிப்பதும், கடைசியில் கடைக்காரர் கருணை கூர்ந்து அழைக்கும்போது எந்த நிறத்து டயல் என்றுகூடக் கேளாமல் ஓடுவதும், நீங்களே நடத்திக்கொண்டு நீங்களே அங்கலாய்க்கும் ஒரு நாடகம். உங்களில் பலர் அந்த அழைப்பு வந்த தினத்தைக் கல்யாண தினம்போல் கொண்டாடுகிறீர்கள். கடிகாரம் நன்றாயிருக்கிறதா என்று கேட்டால், "கிடைத்துவிட்டது" என்று பதில் வருகிறது.

அபூர்வம் என்பதில் தானாக விளைந்தது ஒன்று, விளைவித்தது ஒன்று. பாடெக் பிலிப் 1941-ல் 1518 என்ற எண்ணுள்ள கடிகாரத்தைச் செய்யத் தொடங்கிற்று. லீப் வருஷத்தையும் தானே கணக்கிட்டுத் தேதி காட்டும் பஞ்சாங்கமும், விநாடியை நிறுத்திப் பார்க்கும் கருவியும் ஒன்றாக அமைந்தது. மொத்தம் 281. ஏறக்குறைய எல்லாம் தங்கம். அத்தனை சிக்கலான மெஷினை எஃகில் கேட்க யாருக்குத் தோன்றும்? தெரியவந்திருக்கும் எஃகுக் கடிகாரங்கள் நான்கே நான்கு. அவற்றில் ஒன்று 2016 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் ஒரு கோடியே பத்து லட்சம் பிராங்குக்குப் போயிற்று; தங்கத்தில் பிறந்த அதன் சகோதரங்கள் அதுவரை அந்தத் தொகையின் கிட்டேகூட வந்ததில்லை. தாழ்ந்த லோகம் என்று எவரும் கேளாதிருந்ததனாலேயே குறைவாகப் பிறந்து, குறைவாகப் பிறந்ததனாலேயே உயர்ந்த கதை அது. யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. இதற்கு எதிர்ப்புறத்தில், பாடெக் பிலிப் 2021-ல் நாட்டிலஸ் 5711 என்ற வகையை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டு, போகிறபோக்கில் டிஃபனி கடையின் பிரசித்தமான இளநீல நிறத்தில் 170 மாத்திரம் செய்தது. அதில் ஒன்று அவ்வருஷம் டிசம்பரில் நியூயார்க் தர்ம ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போயிற்று. பட்டியல் விலையோ 53,000 டாலருக்கும் குறைவு. பணம் தர்மத்துக்குச் சென்றதில் எனக்குச் சந்தோஷமே. எனினும் அன்று விலைபோனது டயலின் நிறமும் அதன்மேலிருந்த கடைப்பெயரும்.

இதையெல்லாம்விட என் மனத்துக்கு உகந்தது நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா. மோட்டார்ப் பந்தயத்தில் அவருக்கிருந்த மோகத்தை அறிந்த மனைவி ஜோவான் உட்வர்ட், அந்த எஃகுக் கடிகாரத்தை வாங்கிப் பின்மூடியில் "ஜாக்கிரதையாக ஓட்டு, நான்" என்ற பொருள்பட மூன்றே ஆங்கிலச் சொற்களை வெட்டிக் கொடுத்தார். நம் வீடுகளில் சீராக வந்த எவர்சில்வர் குடத்தில் கொடுத்தவர் பெயரை வெட்டியிருப்பது போலத்தான். அந்தக் கறுப்பு வெள்ளை டயல் அக்காலத்தில் கடைகளில் விலைபோகாமல் கிடந்த சரக்கு. நியூமன் அதை வருஷக்கணக்கில் கட்டித் தேய்த்தார். 1984-ல், மணி கேட்டபோது தெரியாதென்று சொன்ன தம் மகளின் நண்பரான ஒரு வாலிபருக்கு, தினந்தோறும் சாவி கொடுக்க ஞாபகமிருந்தால் இது நேரம் சரியாகக் காட்டும் என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்துவிட்டார். 2017 அக்டோபரில் அது 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காத அன்பர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை மெதுவாகப் போட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உபயோகித்த தழும்பும் வெட்டிய எழுத்தும் கழிக்கப்படவில்லை, கூட்டப்பட்டன.

தழும்புக்கு விலை என்றானபின், தழும்பைச் செய்துகொடுப்பவரும் தோன்றாமலிருப்பார்களா? 1957-ஆம் வருஷத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, கறுப்பு டயல் காலத்தால் வெளிறிப் பழுப்பாகிய அழகோடு, 2021 நவம்பரில் ஜெனீவாவில் 31 லட்சம் பிராங்குக்குமேல் விற்றது. வாங்கியது ஒமேகா கம்பெனியின் சொந்தக் காட்சிசாலையே. 2023-ல், அது பல கடிகாரங்களின் பாகங்களைக் கோத்து உண்டாக்கிய கூட்டுச் சரக்கு என்றும், தங்கள் முன்னாள் ஊழியர்களுக்கே அதில் சம்பந்தமுண்டு என்றும் அக்கம்பெனியார் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்கள். பெற்ற தாயே பிள்ளையை அடையாளம் காணத் தவறிய இடத்தில் உங்களுக்கும் எனக்கும் என்ன வீறாப்பு? நம் நாட்டிலேயே, பழைய சுவிஸ் கடிகாரங்களின் டயலுக்குப் பம்பாயில் புதுச் சாயம் பூசிக் கொள்ளை அழகாக்கி விற்பது நெடுநாளைய கைத்தொழில். அங்கே எழுத்தின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மை சற்றுப் பரவியிருப்பதே காட்டிக் கொடுத்துவிடும். அதைக் காண நல்ல கண்ணும் சிறிது நேரமும் போதும்.

கடிகாரத்தைப் பங்குப் பத்திரமாக மதித்தவர்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 2022-ன் தொடக்கத்தில் வெளிச்சந்தை விலைகள் உச்சிக்குப் போயின; அவ்வருஷமே இறங்கத் தொடங்கின. உச்சியில் கடன் வாங்கி வாங்கியவர் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்குப் புண்ணில் வேல் பாய்ச்ச இங்கே நான் எழுதவில்லை.

வரிசையில் நின்று களைத்த இளைஞர்கள், என்ன வாங்கலாம் என்று கேட்பதுண்டு. எஃகில் வேலைப்பாடுதான் சர்வமும் என்று ஒப்புக்கொண்டால் அதற்குப் பதில் கஷ்டமில்லை. சுவிஸ் தொழிலைக் கவிழ்த்தவர்கள் என்று தூற்றப்பட்ட அதே சீக்கோ கம்பெனியார், ராயல் ஓக்குக்கு ஐந்து வருஷம் முந்தியே, 1967-ல், கிராண்ட் சீக்கோ 44ஜிஎஸ் என்ற கடிகாரத்தில், நெளிவில்லாத சமதளமும், கத்திமுனைபோன்ற ஓரமும், உருவம் கோணாமல் காட்டும் முழு மெருகும் எஃகிலேயே சாத்தியமென்று நிரூபித்தார்கள். அவ்வழியில் இன்றைக்கும் செய்துவருகிறார்கள். ஒரு தகர டப்பாவின் மேல் அச்சடித்த எழுத்தை அந்தக் கடிகாரத்தின் கேஸ் பக்கவாட்டில் பிரதிபலிக்கவிட்டுப் பாருங்கள், எழுத்து வளையாது. மேற்சொன்ன சுவிஸ் கடிகாரங்களின் விலையில் சிறு பகுதிதான். கடைக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கிறது. கிடைப்பதனாலேயே உங்களில் பலருக்கு அதன்மேல் ஆசை பிறப்பதில்லை என்பது என் சந்தேகம்.

சுவிஸ் சரக்குதான் வேண்டுமென்பவர்க்கு லௌகிகமான இரண்டு விஷயங்கள். சுவிட்ஸர்லாந்து உட்பட ஐரோப்பாவின் நான்கு நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்திருக்கிறது. சுவிஸ் கடிகாரங்களின் சுங்கவரி அதன்படி ஏழு வருஷங்களில் படிப்படியாகக் குறையவேண்டும். ஆகையால் பொறுத்திருப்பவருக்கு நஷ்டமில்லை. 2025 ஏப்ரல் 22 முதல், பத்து லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரத்தை விற்பவர் நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் உங்களிடம் வரி வசூலித்துச் சர்க்காருக்குக் கட்டவேண்டும். அது உங்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ளத் தக்கது. ரசீதில்லாமல் மலிவாகத் தருகிறேன் என்பவரை நம்பி அந்த உரிமையை இழக்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் வாங்கியபின் நேரும் ஆபத்து. ராயல் ஓக்கின் அந்தக் கோட்டை அழிக்கத் திருடன் வரவேண்டியதில்லை. சர்வீஸ் கடையில் மெருகிடும் பஃப் சக்கரம் இருந்தால் போதும். சில வருஷங்களுக்கு ஒருமுறை மெஷினைக் கழற்றிச் சுத்தம்செய்து எண்ணெயிடவேண்டியது அவசியமே. ஆனால் வாடிக்கையாளர் மனம் குளிரவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு கடைக்காரர் கேஸையும் சக்கரத்தில் கொடுத்து, கீறலெல்லாம் போய்ப் புதுசாகிவிட்டது பாருங்கள் என்று நீட்டுவார். கீறலைப் போக்குவது என்றால் கீறலின் ஆழம் மட்டும் சுற்றியுள்ள உலோகத்தை எல்லாம் தேய்த்து எடுப்பது. இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால் செயினைத் தாங்கும் கொம்புகள் மெலியும், சரிவுகள் கரையும், ஆணித்துளையின் ஓரங்கள் உருளும். மேல்தளத்து நேர்கோட்டையும் சரிவின் மெருகையும் பிரித்த எல்லை வழவழவென்று ஒரு மேடாகிவிடும். மேஜைமூலையில் பட்ட கீறல் உங்கள் சரித்திரம். சக்கரத்தில் கரைந்த விளிம்போ அதை உருவாக்கிய தொழிலாளியின் உழைப்பு. அதை மறுபடி வரவழைக்க உலோகத்தைப் பற்றவைத்து நிரப்பிப் புதிதாக வெட்டுபவர் உலகத்தில் மிகச் சிலரே. அவர்களிடம் போனாலும் அது வேறொருவர் கைவேலையே.

எனவே அடுத்த தடவை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, கேஸுக்கும் செயினுக்கும் பஃப் போடக்கூடாது, டயலையும் முள்ளையும் கேட்காமல் மாற்றக்கூடாது, மாற்றிய பழைய பாகங்களை உறையிலிட்டுத் திருப்பித் தரவேண்டும் என்ற மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது போதாது. ரசீது எழுதுகிறவர் ஒருவர், சக்கரத்தின்முன் உட்கார்ந்திருக்கிறவர் வேறொருவர்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் அன்பன்